வியர்க்காத கை

அந்தப் பெண் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, நேரடியாக இரண்டாம் ஆண்டில் ஓர் இடம். எட்டாத ஆசை இல்லை. மதிப்பெண் இருந்தது. ஆவடியிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடலாம். அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். எங்கள் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் இதை எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த அறக்கட்டளையின் சார்பில் அரசுப் பள்ளிகளுக்குப் போய்ச் செய்முறை அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நாளுக்கொரு பள்ளி. கையோடு இரண்டு நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் வரும். ஒன்றில் மோட்டார், பேட்டரி, சென்சார், ஒயர். மற்றதில் சால்டரிங் அயன்களும் மல்ட்டிமீட்டர்களும். ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது ஓட்டுநர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

"இன்னா மேடம், மீனா?"

"ரோபோ அண்ணா."

"ரோபோவா? அது பாட்டுக்கு கம்முனு கீது."

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, அதன் வழியே பி.இ. படித்தேன். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறவர். அவர் கையெழுத்துப் போடப் பழகியதே என் ரேங்க் கார்டுக்காகத்தான். திருநின்றவூரில் எங்கள் தெருவுக்கு எந்தப் படிவம் வந்தாலும், ரேஷன் கார்டோ கேஸ் இணைப்போ, நேராக எங்கள் வீட்டுக்கு வரும். "அந்தப் பொண்ணாண்ட குடு, அதுக்குத் தெரியும்" என்பார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தெரியாததை வாங்கி வைத்துக்கொண்டு, தனியே போனில் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் முன்பே தெரிந்ததுபோலச் சொல்வேன். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன். இன்றும் எனக்கு அதில் முழு வெட்கம் வரவில்லை. வேறு எப்படி நாங்கள் மேலே வருவது?

அந்தப் பெண்ணை நான் பார்த்தது ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியபோது. பருத்திப்பட்டுக்காரி. அம்மா ஏரிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர். அந்த வீடுகளில் தூக்கிப் போடும் எமர்ஜென்சி விளக்கு, கெட்டுப்போன சார்ஜர் எல்லாம் அம்மாவின் கூடையில் வீடு வந்து சேரும். மகள் அவற்றைப் பிரித்துப் போடுவாள்.

முதல் நாள் சால்டரிங் வகுப்பில் எல்லோருடைய போர்டிலும் ஈயம் கொசகொசவென்று உருண்டு கிடந்தது. அவளுடைய இணைப்புகள் மட்டும் சின்னச் சின்னக் கூம்பாக, பளபளவென்று நின்றன. நான் மெச்சினேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

"ஈயம் வெக்கிறது ஈசி மிஸ். இந்த எடத்துல இந்த ரெசிஸ்டர்தான் வெக்கணும்னு யார் மிஸ் முடிவு பண்ணுது?"

"டிசைன் பண்ற இன்ஜினியர்."

"அது ஆவறதுக்கு எங்க படிக்கணும்?"

கரும்பலகையில் நான் வந்த வழியையே வரைந்து காட்டினேன். பிளஸ் டூ, அங்கிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. மற்றவர்கள் பார்த்தார்கள். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறிகளோடு எழுதிக்கொண்டாள். அன்று முதல் பாலிடெக்னிக் என்று சொல்லமாட்டாள், "ரெண்டாம் வருசம்" என்றுதான் சொல்வாள், முதல் வருடத்தை முடித்தவள்போல.

பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு பள்ளியில் கண்காட்சி வைத்தோம். எங்கள் அறக்கட்டளைக்குப் பண உதவி செய்யும் செல்போன் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் எச்.ஆர். பெண் ஒருவர். முப்பது வயதிருக்கும், இனிமையாகப் பேசினார். மாணவிகள் தாங்களே செய்த வண்டியைக் கோட்டின்மேல் ஓட்டிக் காட்டினார்கள். அவர் கைதட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். சால்டரிங் மேசை முன்னால்தான் வெகுநேரம் நின்றார். அந்தப் பெண்ணின் வலது கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையில் தன் கட்டைவிரலை ஓட்டினார்.

"உள்ளங்கை வேர்க்குமா?"

"வேர்க்காது மேடம்."

"வெயில்லகூட?"

"இல்ல மேடம்."

பிறகு பையிலிருந்து ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டை எடுத்தார். ஒரு டப்பா நிறையப் பொடி ஆணிகள். போனில் நேரம் வைத்து, மாணவிகளை ஒவ்வொருவராக அந்த ஓட்டைகளில் ஆணி வைக்கச் சொன்னார். நிற அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார். எனக்கு அது இன்னொரு விளையாட்டாகத் தெரிந்தது. நானும் ஒரு முறை செய்து பார்த்தேன். "எனக்கு வேர்க்கும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். அவரும் சிரித்தார். ஈரக் கை பட்டால் போர்டு அரித்துப்போகும் என்று எனக்கு விளக்கினார். எட்டு மாணவிகளின் பெயரை எழுதிக்கொண்டார். முதல் பெயர் அவளுடையது.

தலைமையாசிரியர் அறையில் டீ வந்தது. அங்கேதான் திட்டத்தைச் சொன்னார். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ. மூன்று வருடம். சம்பளம், இரண்டு வேளைச் சாப்பாடு, பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பேருந்து. தலைமையாசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எட்டுப் பேரா! எங்க ஸ்கூல்லேர்ந்தா!" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கும் உள்ளே பொங்கியது. 'வேலைவாய்ப்புடன் இணைத்த மாணவிகள்' என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அது அதுவரை காலியாகவே இருந்தது.

இயற்பியல் ஆசிரியை மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "டிப்ளமோன்னா யார் குடுக்கறது?"

"எங்க பார்ட்னர் இன்ஸ்டிட்யூட் மேடம்" என்றார் எச்.ஆர். பெண்.

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நீ டிப்ளமோ படிச்சவதானேம்மா. இது அந்த டிப்ளமோதானே?"

அறையில் நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. அந்த இன்ஸ்டிட்யூட்டின் பெயரையே அப்போதுதான் கேட்கிறேன்.

"அதேதான் மேடம்" என்றேன்.

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மறுநாள் வேறு பள்ளி, அதே பெட்டிகள்.

தேர்வு முடிவு வந்த வாரம் அவள் பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு வந்தாள். அம்மாவும் வேலைக்கு நடுவே ஓடி வந்திருந்தார், புடவை முந்தானை நனைந்திருந்தது.

"மிஸ், ரெண்டாம் வருசத்துக்கு ஃபார்ம் வந்துருச்சு. பாத்து சொல்லுங்க மிஸ்."

"இது எதுக்கு? கம்பெனில பேர் குடுத்தாச்சே. அங்கயும் டிப்ளமோதான்."

"இதுல ரெண்டே வருசம் மிஸ். அதுல மூணு."

"வேலையும் சேத்துதானே மூணு? வீட்டுக்கு சம்பளம் வரும், படிப்பும் வரும். ரெண்டு கையில ரெண்டு லட்டு."

அவள் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இன்னா சப்ஜெக்ட் மிஸ் இருக்கும்? சர்க்யூட் தியரி இருக்குமா?"

"எல்லாம் இருக்கும்."

அம்மா அவள் தோளைத் தட்டினார். "மிஸ்ஸு சொன்னா கரீட்டா இருக்கும். சும்மா தொணதொணன்னு கேட்டுக்கினு."

அந்த எட்டுப் பேரின் மாற்றுச் சான்றிதழ்களையும் நானே சேகரித்தேன். கம்பெனி அசல் கேட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடி உறையில் போட்டு, பெயர் எழுதி, ஒப்பந்தத்தின் பக்கங்களில் மாணவிகள் எங்கெங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. எச்.ஆர். பெண்ணிடம் ஒப்படைத்தபோது பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டுக்கூட நான் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டோம்; சான்றிதழ்களை நகல் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

வேலையில் சேர்ந்து ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பகல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியபோது பாதம் இரண்டும் வீங்கி, வார் பட்ட இடம் பள்ளமாக இருந்தது.

"இன்னா வேலை குடுத்திருக்காங்க?"

"கேமரா க்ளிப் மிஸ். போர்டு வரும், க்ளிப்ப வெச்சி அமுக்கணும். அடுத்த போர்டு வரும். எட்டு மணி நேரம் நின்னுக்கினே."

"மத்தது?"

"அவ்ளோதான் மிஸ். பக்கத்துல கீற அக்கா ரெண்டு வருசமா ஸ்க்ரூ போடுது. இந்த க்ளிப் எதுக்குன்னு லைன் லீடராண்ட கேட்டேன். 'நீ இன்னா கம்பெனிய வாங்கப் போறியா'ன்னு சிரிச்சாங்க. இப்ப என் பேரே முதலாளியம்மா."

அவளும் சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், கேன்டீனில் டி.வி.யில் பாடம் போடுகிறார்களாம். புத்தகத்தைப் புரட்டினேன். வேலையிடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. தீப்பிடித்தால் எந்த வாசல் வழியே ஓடுவது. மேலாளருக்கு எப்படி வணக்கம் சொல்வது. கடைசி அட்டையில் 'திறன் பயிற்சிச் சான்றிதழ்' என்று இருந்தது. டிப்ளமோ என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே போனை எடுத்தேன். தொழில்நுட்பக் கல்வித் துறையின் பட்டியலில் அந்த இன்ஸ்டிட்யூட்டைத் தேடினேன். ஆங்கிலத்தில் அடித்தேன், வேறு எழுத்துக்கூட்டலில் அடித்தேன், மாவட்டம் மாற்றி அடித்தேன். இல்லை. நான் இப்படித் தேடுவதை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது அதுவே முதல் முறை.

"மிஸ், இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியாது."

"அன்னைக்கி எல்லாம் இருக்கும்னீங்க."

"தெரியாமதான் சொன்னேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீங்கிய காலை மடக்கி உட்கார்ந்து, புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்தாள். "மத்த ஏழு பேராண்ட நான் சொல்ல மாட்டேன் மிஸ். நீங்களே சொல்லிருங்க" என்றாள். சொன்னேன். அதில் நான்கு பேருக்குச் சம்பளமே போதும் என்றிருந்தது. இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. ஒருத்தி அழுதாள்.

மறுநாள் காலை பாலிடெக்னிக்குக்குப் போனேன். கலந்தாய்வு முடிந்துவிட்டது. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டில் ஓர் இடம் மீதமிருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மாற்றுச் சான்றிதழ் அசலோடு வந்தால் கிடைக்கும் என்றார்கள். நான்கு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மாவும் நானும் கம்பெனி வாசலுக்குப் போனோம். காவலாளி பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா, "பொண்ணு டிசி வாங்க வந்துகீறோம்னு எழுது" என்றார். ஒரு மணி நேரம் கழித்து எச்.ஆர். பெண் வந்தார். அதே இனிமை.

"மொத ஒரு வருஷத்துக்கு அக்ரிமென்ட் மேடம். முடியாம ஒரிஜினல் வெளிய குடுக்க மாட்டோம். மூணாவது பக்கத்துல இருக்கு. நீங்கதானே எல்லாப் பேப்பரும் ரெடி பண்ணிக் கொண்டாந்தீங்க?"

அந்தப் பக்கத்திலும் என் பென்சில் குறி இருந்திருக்கும்.

அம்மா எழுந்துவிட்டார். "ஏம்மா, எம்பொண்ணு டிசி இன்னா ஒங்க ஊட்டு சொத்தா? அவ படிச்சதும்மா அது. பன்னெண்டு வருசம் நான் சோறு கட்டிக் குட்தனுப்ச்சது."

"அம்மா, சத்தம் போடாதீங்க. வேலைய விட்டு நிக்கறதா லெட்டர் குடுங்க. ஹெட் ஆபீஸ் ஒத்துக்கிட்டா குடுப்போம், அது போயிட்டு வர முப்பது நாள் ஆகும்."

"வெள்ளிக்கெயமை வோணும்மா."

"சாரிம்மா."

என்னைத் தனியே அழைத்தார். "அடுத்த பேட்சும் உங்க ஸ்கூல்ஸ்லேர்ந்துதான் எடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். இதப் பெருசு பண்ணாதீங்க" என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும்போது பூந்தமல்லியில் இறங்கினோம். பேருந்து மாறும் இடத்தில், நெரிசலில், அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"மூணாவது பக்கம்னு சொல்லுதே அந்தம்மா. நான் கைநாட்டு, எனக்குத் தெரியாது. நீயும் அத்தப் படிக்கலியா?"

படித்திருந்தேன். எல்லாப் பக்கங்களையும் படித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவள்போலப் படித்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கு ஓடினேன். வேறொரு மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள் என்றேன். தொலைந்துபோனதாகக் காவல் நிலையத்திலிருந்து சான்று வேண்டும் என்றார் தலைமையாசிரியர். "தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல மேடம், கம்பெனில இருக்கு."

"இருக்கறத இல்லன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

அவர் சொன்னது தப்பில்லை. ரயிலில் தொலைந்துவிட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்ல நான் தயாராக இருந்தேன். அவளுக்குப் போன் செய்து சொன்னபோது, "வோணாம் மிஸ். அப்புறம் அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்" என்றாள். இயற்பியல் ஆசிரியை தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். இந்த மாணவி எங்கள் பள்ளியில் படித்தவர், அசல் சான்றிதழ் ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்கப்படும், இடம் கொடுத்து உதவவும் என்று. தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். அந்தக் கடிதத்தை நம்பித்தான் வெள்ளிக்கிழமை பாலிடெக்னிக்குக்குப் போனோம்.

அவள் இரண்டாம் ஷிஃப்டாக மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு மணிக்கு உள்ளே இருக்கவேண்டும். பூந்தமல்லியில் ஒரு மணிக்குக் கம்பெனி பேருந்து. விண்ணப்பத்தை நான் நிரப்பியிருந்தேன், ஒரு போட்டோ ஒட்டி, இன்னும் இரண்டு போட்டோவைப் பின் குத்தி. எழுத்தர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர்.

"கணினியில ஒரிஜினல ஸ்கேன் பண்ணி ஏத்தணும்மா. இல்லன்னா அட்மிஷன் எடுத்துக்காது. பிரின்சிபாலப் பாருங்க."

முதல்வர் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு கெப்பாசிட்டர் கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது ஒன்று. அவள் சொன்ன பதிலில் அவருக்குத் திருப்தி. "கம்பெனிலேர்ந்து டிசிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, என் பொறுப்புல ஏத்திக்கறேன். பன்னெண்டு வரைக்கும்தான்" என்றார்.

வராந்தாவில் நின்று எச்.ஆர். பெண்ணுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். படித்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு வந்தது. மறுபடி செய்தேன். 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று வந்தது. ஒரே ஒரு போட்டோ மேடம் என்று எழுதினேன். அதற்கு ஒரு கோடுதான் வந்தது, போய்ச் சேரவே இல்லை. எங்கள் அறக்கட்டளை மேலாளரைக் கூப்பிட்டேன். "அவங்ககிட்ட நாம இப்ப மோத முடியாதும்மா" என்றார்.

அவள் வராந்தா ஜன்னல் வழியே ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சிலர் மேசையில் குனிந்திருந்தார்கள். "மிஸ், அவங்களாண்ட ஆசிலாஸ்கோப் கீது" என்றாள். மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, எங்கள் பெட்டியில் இல்லாதது அது.

பன்னிரண்டு அடித்ததும் எழுத்தர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் இன்னும் இரண்டு நிமிடம் நின்றார். பிறகு பெஞ்சில் காத்திருந்த ஒரு தகப்பனையும் மகளையும் கூப்பிட்டார். திருவேற்காட்டுக்காரர்கள். அந்தத் தகப்பன் பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து நீட்டினார். எல்லாம் அசல்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். வெயில் கொளுத்தியது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், அடுத்த வருடம் என்று. அவள் குறுக்கே பேசினாள்.

"மிஸ், அந்த ஃபார்ம்ல பின் குத்தினீங்களே, ரெண்டு போட்டோ. அத்தக் குடுங்க. கம்பெனில புது ஐடி கார்டுக்குக் கேட்டுக்கினே இருக்காங்க."

பின்னைக் கழற்றி இரண்டையும் கொடுத்தேன். பின் குத்திய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். "ஓட்ட கீதே. ஒட்னதையும் குடுங்க, அது நல்லா கீது."

விண்ணப்பத்தை நிழலில் ஒரு கடைப் பலகையின்மேல் வைத்து, ஒட்டியதை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். என் விரல் வியர்த்து வழுக்கியது. ஒரு மூலை கிழிந்துவிட்டது.

"விடுங்க மிஸ்" என்று அவள் வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, கிழியாமல் முழுசாக எடுத்துவிட்டாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூந்தமல்லி பேருந்து வந்ததும் ஏறினாள். காலியான கட்டத்தோடு விண்ணப்பம் என் கையில் இருந்தது. அதில் என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.